மூச்சிரைக்காத ஓட்டம்

1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி, ரோமாபுரியின் ஒலிம்பிக் மைதானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிந்த இரண்டு பந்தயங்களைப் பற்றி, ஓட்டத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இன்றளவும் ஒருவித வியப்புடனேயே பேசுகிறார்கள். முதலாவது 800 மீட்டர். அந்தத் தூரத்தின் உலக சாதனையைத் தம் வசம் வைத்திருந்த பெல்ஜியத்து ரோஜர் மோன்ஸ், வெற்றி தமதே என்ற நம்பிக்கையுடன் இலக்கை நெருங்கி, யாராவது வருகிறார்களா என்று வலப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்த சமயத்தில், இடப்பக்கமாக வந்து அவரைக் கடந்து போனார், பெரும்பாலோர் பெயரே கேட்டிராத 21 வயது நியூஜிலாந்து இளைஞர் பீட்டர் ஸ்னெல். நேரம் 1 நிமிஷம் 46.3 வினாடி. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் 5,000 மீட்டர் ஓட்டம் ஆரம்பமாயிற்று. இளவயதில் ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடக்கை சூம்பிப்போன மர்ரே ஹால்பர்க் என்ற இன்னொரு நியூஜிலாந்துக்காரர், இன்னும் மூன்று சுற்றுகள் பாக்கி இருக்கும்போதே, இது என்ன அசட்டுத் துணிச்சல் என்று பார்த்தவர்கள் நினைக்கும்படியாகக் கூட்டத்தை விட்டுப் பாய்ந்து, கடைசிச் சுற்றில் கால்கள் தள்ளாட ஓடிவந்து, இலக்கின் நாடாவைக் கையில் பற்றியபடியே புல்தரையில் சரிந்தார். அவருக்கும் தங்கம். எட்டு நாள் கழித்து, எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி உலகப் புகழ் பெற்ற அந்த மாரத்தான் பந்தயத்தில், மூன்றாவதாக வந்தவர் பாரி மேகீ; அவரும் நியூஜிலாந்துக்காரர்தாம்.

அக்காலத்தில் நியூஜிலாந்தின் மொத்த ஜனத்தொகை 25 லட்சத்துக்கும் குறைவு. அந்தச் சிறு தேசத்திலிருந்து வந்த இம்மூவரும் ஆக்லாந்து நகரத்தின் புறநகர்ப் பகுதிகளில் ஒன்றான ஓவைராக்காவைச் சுற்றிலும் ஓடிப் பழகியவர்கள் என்பதும், மூவருக்கும் பயிற்சி அளித்தவர் ஒருவரே என்பதும், அந்த ஒருவர் சர்வகலாசாலைப் பேராசிரியரோ வைத்தியரோ அல்லாமல் பாதரட்சைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதும் தெரியவந்தபோது, ஐரோப்பாவின் விளையாட்டு நிபுணர்கள் சற்றுத் திகைத்துத்தான் போனார்கள். அவர் பெயர் ஆர்தர் லிடியார்ட். 800 மீட்டர் ஓடுகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்ற பேதமில்லாமல் தம் சீடர்கள் எல்லோரையும் வாரத்துக்கு 100 மைல், நெஞ்சு வெடிக்காத நிதானமான கதியில், மலைப்பாதைகளில் ஓடவிடுவது அவருடைய முறை என்று கேள்விப்பட்டபோது அந்தத் திகைப்பு இன்னும் அதிகமாயிற்று.

இந்தத் திகைப்பின் காரணம் விளங்க வேண்டுமானால், அந்தக் காலத்து நம்பிக்கை இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைண்டெல் என்ற ஹிருதய வைத்தியரும் சேர்ந்து வகுத்த ‘இன்டர்வல்’ முறையே அப்போது சாஸ்திரமாக இருந்தது. ஒரு குறுகிய தூரத்தை விரைந்து ஓடி, நாடித் துடிப்பை 180 வரை ஏற்றி, அது 120-க்கு இறங்கும் வரையில் இளைப்பாறி, மறுபடியும் ஓடி, மறுபடியும் இளைப்பாறி, இப்படியே பத்து, இருபது, முப்பது தடவை திரும்பத் திரும்பச் செய்வது அந்த முறை. கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 வினாடியில் ஓடியதும், செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக் 400 மீட்டர் ஓட்டத்தை ஒரே நாளில் நாற்பது தடவைக்குக் குறையாமல் திருப்பித் திருப்பி ஓடிப் பழகி, 1952-இல் ஹெல்சின்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றையும் வென்றதும், வேகமாக ஓட விரும்புகிறவன் வேகமாகவே ஓடிப் பழக வேண்டும் என்ற சித்தாந்தத்தை மறுக்கமுடியாததாக்கிவிட்டன. ஜாட்டோபெக்கின் சரீரம் எதையும் தாங்கும் சரீரம் என்பதையும், அவரைப் பார்த்து அதே அப்பியாசத்தில் இறங்கிய பலர் ஓரிரண்டு பருவங்களிலேயே ஓய்ந்துபோயிருக்கலாம் என்பதையும் யோசிப்பார் இல்லை. வென்றவனை மட்டுமே எண்ணிப் பார்த்துச் சாஸ்திரம் எழுதுகிற வழக்கம் விளையாட்டுக்கு மாத்திரம் உரியதன்று.

லிடியார்ட் 1917-இல் பிறந்தவர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில், ரக்பி விளையாடுகிறோம், ஆகவே தேகம் நன்றாகத்தான் இருக்கிறது என்ற எண்ணத்தில் இருந்த அவரை, ஜாக் டோலன் என்ற வயதில் மூத்த நண்பர் ஒருநாள் 5 மைல் ஓட அழைத்துப் போனார். நண்பர் சாவதானமாக ஓட, பின்னால் போன இளைஞருக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இந்த வயதிலேயே இப்படி என்றால் நாற்பத்தேழில் என்ன கதி ஆவோம் என்று அவருக்கு அன்று உண்டான கவலைதான் எல்லாவற்றுக்கும் விதை. புஸ்தகங்களைப் புரட்டினார், அவற்றில் இருந்தது திருப்தி தரவில்லை. ஆகவே தம் உடம்பையே பரிசோதனைச் சாலையாக்கிக்கொண்டார். ஒரு வாரம் 50 மைல், அடுத்த வாரம் 100, பிறகு ஒரு தடவை 200-க்கும் மேலே, மெதுவாக, வேகமாக, மலையில், சமதரையில் என்று கிட்டத்தட்ட பத்து வருஷம், பகலெல்லாம் செருப்புத் தொழிலும், இராக்காலத்தில் பால் விநியோகமுமாகக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டே, ஓடி ஓடிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். 1953-இலும் 1955-இலும் தேசத்தின் மாரத்தான் போட்டியில் அவரே முதலாவதாக வந்தார் என்பது அந்த முடிவுக்குக் கிடைத்த முதல் அத்தாட்சி. அதைவிட விசேஷமான அத்தாட்சி, அவரோடு கூட ஓடவேண்டும் என்று ஓவைராக்காவின் இளைஞர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தது.

அவர் கண்டது இது: ஓட்டக்காரனுக்குப் பொதுவாக வேகத்தில் குறை இருப்பதில்லை, தன்னிடம் உள்ள வேகத்தைக் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற தாங்குசக்திதான் போதாமல் இருக்கிறது. ஆகவே பந்தயப் பருவத்துக்குப் பல மாதங்கள் முன்னதாகவே ஆரம்பித்து, ஏறக்குறைய மூன்று மாத காலம், பிராணவாயு கடன் ஏறாத கதியில் தூரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவார், பிறகு சில வாரங்கள் மேட்டுப் பாதையில் துள்ளி ஏறுகிற அப்பியாசம், அதற்கும் பிறகுதான் மைதானத்தில் விரைவோட்டம், கடைசியாகப் பந்தயம். ஞாயிற்றுக்கிழமை தோறும் வைட்டாக்கரே மலைத்தொடரில் வையாட்டாருவா வழியாகச் சுற்றிவரும் 22 மைல் பாதை ஒன்று உண்டு; ஏற்றமும் இறக்கமுமான அந்தப் பாதையில் மாரத்தான்காரர் மேகீயும் 800 மீட்டர்காரர் ஸ்னெல்லும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினார்கள். சங்கீதம் சொல்லிக்கொடுக்கிற நம்மூர் வாத்தியார்கள், சரளி வரிசையை முதல் காலத்தில் நிறுத்திப் பாடாத குழந்தையை மூன்றாம் காலத்துக்குள் நுழையவே விடமாட்டார்கள் அல்லவா? சுருதியும் தாளமும் விளம்பத்தில் உட்கார்ந்தால்தான் துரிதத்தில் சிதறாமல் நிற்கும் என்று அறிந்த எவருக்கும் லிடியார்டின் முறையில் விபரீதமாக ஒன்றும் தோன்றாது.

எனினும் ஒரு கேள்வி நியாயமாகவே எழும். இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிற பந்தயத்துக்கு இரண்டரை மணி நேரம் மலையில் ஓடுவானேன்?

தசை வேலை செய்வதற்கு வேண்டிய சக்தியைச் சரீரம் இரண்டு விதமாக உண்டாக்கிக்கொள்கிறது. சுவாசித்த பிராணவாயுவைக் கொண்டு, உணவிலிருந்து வந்த சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து, நிதானமாகவும் வெகுநேரமும் உண்டாக்குவது ஒன்று. பிராணவாயு வந்து சேரும் வரையில் காத்திராமல் அவசரமாகச் சர்க்கரையை உடைத்து உண்டாக்குவது மற்றொன்று. இந்த இரண்டாவது வழி கைமாற்று வாங்கிச் செலவு செய்வதைப் போன்றது. சமயத்துக்கு உதவும், ஆனால் சீக்கிரத்தில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். 800 மீட்டர் ஓட்டத்தில்கூட மொத்த சக்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு முதல் வழியிலேயே வருகிறது என்றும், 5,000 மீட்டரில் அது பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் என்றும், மாரத்தானில் அநேகமாக முழுவதும் அதுதான் என்றும் பிற்காலத்து அளவைகள் காட்டின. செருப்புத் தொழிலாளி தம் கால்களால் கண்டுபிடித்ததைத்தான் ஆய்வுக்கூடம் பிறகு கணக்கெழுதிக் காட்டிற்று.

மெதுவாக ஓடும்போது உள்ளே நடப்பது என்ன? முதலில் ஹிருதயம். ஓரளவு மிதமான ஓட்டத்திலேயே அது ஒவ்வொரு துடிப்பிலும் தன்னால் தள்ளக்கூடிய இரத்தத்தின் பெரும்பகுதியைத் தள்ளிவிடுகிறது. அதற்குமேல் வேகத்தைக் கூட்டினால் முக்கியமாகத் துடிப்பின் எண்ணிக்கைதான் கூடுகிறது. ஆகவே நிறைந்து, விரிந்து, சுருங்குகிற அந்தப் பயிற்சியை ஹிருதயத்துக்கு மணிக்கணக்கில் அளிக்க வேண்டுமானால் நெஞ்சைப் பிளக்கிற வேகம் அவசியமில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அதன் இடது அறை விசாலமடைகிறது. இரத்தத்தின் அளவே கூடுகிறது. அதனால்தான் நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் நாடி, உட்கார்ந்திருக்கும்போது 40, 45 என்று கேட்பவர் பயப்படும்படியாக அடிக்கிறது. இரண்டாவது, தசையிழைகளைச் சுற்றி மயிரைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் புதிதாக முளைத்துப் படர்கின்றன. மூன்றாவது, தசையணுக்களுக்குள் அடுப்புகளைப் போலிருந்து பிராணவாயுவைக் கொண்டு எரிபொருளை எரிக்கிற மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்புகள் பெருகுகின்றன. அமெரிக்காவில் ஜான் ஹாலோசி என்ற ஆராய்ச்சியாளர், பல வாரம் இயந்திரத்தில் ஓடவைத்த எலிகளின் தசையில் இவற்றின் எரிக்கும் திறன் ஏறக்குறைய இருமடங்காகியிருந்ததை 1967-இல் எடுத்துக்காட்டினார். அடுப்பு பெருகினால் கொழுப்பை எரிப்பது எளிதாகிறது. கொழுப்பை எரிக்கிறவனுக்குச் சர்க்கரை மிச்சமாகிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த சர்க்கரை சுமார் 2,000 கலோரிக்குத்தான் காணும். மாரத்தான்காரர்கள் இருபதாவது மைலுக்கு மேல் சுவரில் மோதினாற்போல் நின்றுபோவது அந்தக் கையிருப்பு தீர்ந்துபோவதனால்தான்.

நான்காவதாக ஒன்று உண்டு. எனக்கு எல்லாவற்றிலும் சுவாரஸ்யமாகப் படுவது அதுவே. தசையில் நிதான இழைகள் என்றும் விரைவு இழைகள் என்றும் இரண்டு ஜாதி. மெதுவாக ஓடும்போது சரீரம் நிதான இழைகளை மட்டுமே வேலைக்கு அழைக்கிறது. ஆகவே விரைவோட்டக்காரனுக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஓட்டம் ஒரு மணி, ஒன்றரை மணி என்று நீளும்போது, கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர்கள் களைத்துப் போனபின் திண்ணையில் சீட்டாடிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைத் தோழர்களையே வாளியைத் தூக்கச் சொல்வதுபோல, சர்க்கரை தீர்ந்த நிதான இழைகளுக்குப் பதிலாக விரைவு இழைகளையும் சரீரம் பிடித்திழுத்து வேலை வாங்குகிறது. அவையும் அதனால் பிராணவாயுவைக் கொண்டு வேலை செய்யக் கற்றுக்கொள்கின்றன. இதை விளக்கிச் சொன்னவர் வேறு யாருமல்லர், பீட்டர் ஸ்னெல்தான். பந்தயங்களிலிருந்து விலகியபின் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், உடலியலில் டாக்டர் பட்டம் பெற்று, டெக்ஸாஸ் மாநிலத்து டாலஸ் நகரின் மருத்துவக் கல்வி நிலையத்தில் ஆராய்ச்சியாளராக வாழ்நாளைக் கழித்த அவர், இளவயதில் வையாட்டாருவா மலையில் தம் கால்களுக்கு நேர்ந்தது இன்னதென்று பிறகு சாவகாசமாக ஆராய்ந்து தெரிந்துகொண்டார். தாம் ஜெயித்த காரணத்தைத் தாமே ஆராய்ந்து சொல்லக் கொடுத்துவைத்த வீரர்கள் வெகு சிலர்.

அந்தக் கால்கள் செய்த காரியத்தையும் இங்கே சொல்லிவிடலாம். ஒரு முழு மாரத்தான் ஓடி முடித்த சில வாரங்களுக்கெல்லாம், 1962 ஜனவரி 27-ஆம் தேதி, வாங்கனூயி என்ற ஊரின் புல்தரை மைதானத்தில் ஸ்னெல் ஒரு மைலை 3 நிமிஷம் 54.4 வினாடியில் ஓடி உலக சாதனை ஏற்படுத்தினார். ஒரு வாரம் கழித்துக் கிறைஸ்ட்சர்ச்சில், அதுவும் புல்தரைதான், 800 மீட்டரை 1 நிமிஷம் 44.3 வினாடியில் ஓடினார். அது அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் தேசத்தின் சாதனையாக அசையாமல் இருந்தது. 1964-இல் டோக்கியோவில் 800, 1,500 இரண்டிலும் தங்கம்.

ஹிருதயத்தையும் தசையையும் பற்றிப் பேசுகிறவர்கள் எலும்பையும் தசைநாணையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். இரத்தவோட்டம் நிறைந்த தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். இரத்தவோட்டம் குறைந்த தசைநாணும், மெல்ல மெல்லத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிற எலும்பும் மாதக்கணக்கில் அவகாசம் கேட்கின்றன. வண்டியின் எஞ்சின் பெரிதாகி அச்சு பழைய அச்சாகவே இருக்கிற இந்த இடைக்காலத்தில்தான் குதிகால் நாண் வீங்குவதும், முழங்காலுக்குக் கீழ் எலும்பில் மயிரிழை விரிசல் விடுவதும் நேர்கின்றன. காயம்பட்டு ஆறு வாரம் கட்டிலில் கிடப்பவனைவிட, ஆறு வாரமும் மெதுவாக ஓடினவன் முன்னேறியிருப்பான் என்பதைச் சொல்ல எந்த ஆராய்ச்சியும் வேண்டியதில்லை. ஆனாலும் ஓடுகிறவர்களுக்கு அது ஏறுவதில்லை.

ஏறாததற்குக் காரணம் அறியாமை அன்று; மானம். எங்கள் பேட்டையில் உள்ள மைதானத்தில் விடியற்காலையில் ஓட வருகிற ஓர் இளைஞனை எனக்குத் தெரியும். கையில் கடிகாரம், அது கிலோமீட்டருக்கு இத்தனை நிமிஷம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். நேற்றைவிட இன்று ஒரு வினாடியாவது குறையாவிட்டால் அவனுக்கு அன்றைய பொழுதே கசந்துபோகும். பந்தயங்களில் மட்டும் முன்னேற்றமே இல்லை. அவனை ஒருநாள், சைக்கிளில் கூடவே சுற்றிவந்த ஒரு வயோதிகப் பயிற்சியாளர் கேட்டார்:

“நேத்து ராத்திரி என்ன தம்பி சாப்பிட்டே?”

“தோசை… சார்.”

“எத்தனை?”

“மூ… ணு.”

“தொட்டுக்க என்ன? சட்னியா, சாம்பாரா? யாரு பண்ணினா, அம்மாவா?”

இளைஞன் வாயைத் திறந்தான். பதிலுக்குப் பதில் மூச்சுத்தான் வந்தது. கையால் ஏதோ ஜாடை காட்டினான்.

“வேகத்தைக் குறை. சட்னி வரைக்கும் பதில் வரணும். அம்மா பேச்சு வந்தா அதுவும் வரணும். வராட்டா நீ ஓடறது பந்தயம், பயிற்சி இல்லே.”

ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையில்லாமல் சொல்லமுடிகிற கதிதான் மெதுவான கதி என்ற இந்தப் பரீட்சை, உலகமெங்கும் பயிற்சியாளர்கள் கையாளுகிற பழைய பரீட்சை. விலையுயர்ந்த கருவிகள் இதைவிட வெகு நுட்பமாக எதையும் சொல்லிவிடுவதில்லை. பையன் வேகத்தைக் குறைத்தான். முதல் வாரத்தில் புடவையைச் செருகிக்கொண்டு வேகநடை நடக்கிற ஒரு மாமி ஏறக்குறைய அவனை எட்டிவிட்டபோது அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நாலைந்து மாதம் சென்று, ஒரு சினிமாவின் கதையை இடைவேளை வரையில் பெரியவரிடம் சொல்லிக்கொண்டே ஓடினான். பெரியவர் சைக்கிளைக் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது.

இந்த இளைஞன் முன்பு ஓடியது வேகமும் அன்று, நிதானமும் அன்று. அதுதான் இதிலுள்ள சூட்சுமம். பந்தய வேகத்துக்குக் குறைவு, பேசுகிற வேகத்துக்கு அதிகம் என்று இரண்டுங்கெட்டானாக ஓடுகிறவன் தினந்தோறும் களைத்துப் போகிறான். களைத்துப் போனதனால், உண்மையாகவே வேகமாக ஓடவேண்டிய நாளில் கால் எழும்புவதில்லை. எழும்பாததனால் அன்றும் இரண்டுங்கெட்டானாகவே ஓடி, பயிற்சி போதவில்லை என்று மறுநாள் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறான். நார்வேயில் வெகுகாலமாக வசிக்கும் ஸ்டீஃபன் செய்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பனிச்சறுக்கு வீரர்கள், படகு வலிப்பவர்கள், ஓட்டக்காரர்கள் என்று பல துறைகளின் முதல்தரப் போட்டியாளர்கள் நிஜத்தில் எப்படிப் பழகுகிறார்கள் என்று கணக்கெடுத்தபோது, துறை எதுவானாலும் அவர்களுடைய அப்பியாசங்களில் சுமார் 80 சதவிகிதம் சுலபமானதாகவும், மிச்சத்தில் பெரும்பாலும் கடுமையானதாகவும், நடுத்தரமானது சொற்பமாகவும் இருக்கக் கண்டார். சாம்பியன்கள் செய்கிறார்கள் என்பது மட்டும் ஒரு முறை சரியென்பதற்கு அத்தாட்சியாகாது என்று, ஜாட்டோபெக்கைப் பற்றிச் சொன்னதையே இங்கும் சொல்லலாம். ஆகவே ஸ்பெயினில் 12 ஓட்டக்காரர்களை இரண்டு பிரிவாக்கி 5 மாதம் பழக்கி, 2007-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையைக் குறிப்பிடுகிறேன். இரு பிரிவினருக்கும் கடுமையான ஓட்டத்தின் பங்கு ஏறக்குறைய ஒன்றே. ஒரு பிரிவினர் சுமார் 80 சதவிகிதம் மெதுவாக ஓடினார்கள், மற்றவர்கள் சுமார் 67 சதவிகிதம் மட்டும் மெதுவாகவும் கால் பங்கு நடுத்தர வேகத்திலும் ஓடினார்கள். 10.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் பிரிவினர் சராசரி 157 வினாடியும், இரண்டாம் பிரிவினர் சுமார் 121 வினாடியும் முன்னேறியிருந்தார்கள். பன்னிரண்டு பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் அதிகமாக வருந்தியவர்கள் குறைவாக முன்னேறினார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வளவும் சொன்னபின், லிடியார்டுக்கு நியாயம் செய்ய வேண்டியதும் கடமையாகிறது. மெதுவாக ஓடினால் போதும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாகப் பிறர் பரப்பியதில் அவருக்கு வருத்தமே இருந்தது. ஓடி முடித்தபோது இதமான அயர்வு இருக்கவேண்டும், சித்திரவதை பட்ட அயர்வு கூடாது என்பதுதான் அவருடைய கணக்கு. பழக்கம் முற்றியபின் அவருடைய சீடர்களின் ‘நிதானம்’ சாதாரண மனிதனின் முழு வேகத்தையும் மிஞ்சியது. மலைப்பயிற்சியும் மைதானப் பயிற்சியும் இல்லாமல் ஸ்னெல் ரோமாபுரியில் மோன்ஸைக் கடந்திருக்க மாட்டார். மேலும், வாரத்துக்கு மூன்று மணி நேரமே ஒழிகிற ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், பத்துப் பன்னிரண்டு மணி ஓடுகிறவரின் விகிதாசாரத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில் அர்த்தம் அதிகமில்லை. மெதுவான ஓட்டத்தின் பலன் அளவில் இருக்கிறது; அளவைக் கூட்டிக்கொண்டு போக இடம் தருவதுதான் மெதுவில் உள்ள அனுகூலம்.

அந்த அனுகூலத்தின் இன்னொரு பயன், போட்டியில் இறங்காதவர்களுக்கும் அது வாயிலைத் திறந்துவிட்டதுதான். 1960-களின் ஆரம்பத்தில் லிடியார்டின் தூண்டுதலால் ஆக்லாந்தில் நடுத்தர வயதினரும், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களும்கூடக் கூட்டம் கூட்டமாக மெல்லோட்டம் ஓடலானார்கள். 1962-இன் முடிவில் அங்கே வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பௌவர்மன், பல மாணவர்களைச் சாம்பியன்களாக்கிய மனிதர், இந்த வேடிக்கையையும் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடன் கிளம்பி, முதல் மேட்டிலேயே பின்தங்கி, மூன்று தடவை மாரடைப்பு வந்த எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு கிழவர் இரக்கப்பட்டுத் தம்மோடு கூட வந்து வழித்துணையாகப் பேசிக்கொண்டே ஓட, பதில் சொல்ல மூச்சின்றித் திரும்பிவந்தார் என்பது அவரே ஒப்புக்கொண்ட கதை. ஊர் திரும்பியதும் ஆரிகன் மாகாணத்தில் அதே வழக்கத்தை ஆரம்பித்தார். அது தேசமெங்கும் பரவிற்று. அவர்தாம் பிற்பாடு நைக்கி நிறுவனத்தை ஏற்படுத்திய இருவரில் ஒருவர்.

ஜெர்மனியிலும் இதே காலத்தில், வால்ட்நீல் என்ற சிற்றூரின் வைத்தியர் எர்ன்ஸ்ட் வான் ஆக்கென், நாடி 130-ஐ ஒட்டியே இருக்கும்படி மிக மெதுவாகவும் மிக அதிகமாகவும் ஓடவேண்டும் என்று இன்டர்வல் சாஸ்திரிகளின் கோட்டைக்குள்ளிருந்தே பிரசாரம் செய்துகொண்டிருந்தார். அவருடைய மாணவர் ஹரால்ட் நார்போத் 1964 டோக்கியோவில் 5,000 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பெண்களுக்கு நெடுந்தூரம் ஆகாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நாளில், ஆண்களைவிட அவர்களுக்குத்தான் அது ஏற்றது என்று வாதித்தவரும் அவரே. 1972-இல் ஓடிக்கொண்டிருந்தபோது கார் மோதி இரண்டு கால்களையும் இழந்த அந்த மனிதர், மறு வருஷமே தம் ஊரில் பெண்களுக்கென்றே ஒரு மாரத்தானை நடத்திக்காட்டினார்.

இன்று நெடுந்தூர ஓட்டத்தின் தலைநகரங்கள் கென்யாவின் மேட்டு நிலத்தில் இருக்கின்றன. மாரத்தானை 2022-இல் பெர்லினில் 2 மணி 1 நிமிஷம் 9 வினாடியில், அதாவது கிலோமீட்டருக்கு மூன்று நிமிஷத்துக்கும் குறைவாக ஓடிய எலியுட் கிப்சோகே பழகிய கப்டகாட்டிலும், 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஈட்டென் ஊரிலும், விடியலில் செம்மண் பாதையில் கூடுகிற கூட்டம் புறப்படும்போது, அது ஓட்டமா நடையா என்று சந்தேகம் வரும்படி காலை இழுத்து இழுத்துத்தான் புறப்படும். கடுமையான ஓட்டத்துக்கு என்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் தனியே உண்டு. அந்த நாட்களில் அவர்களுடன் போட்டியிட யாராலும் ஆகாது. மற்ற நாட்களில் ஊருக்குப் புதிதாக வந்த வெளிநாட்டார்கூடச் சிறிது தூரம் சேர்ந்தே ஓடலாம். வந்தவர்கள் பெரும்பாலும் இதைக் கண்டு திகைக்கிறார்கள். ரோமாபுரியில் திகைத்த அதே திகைப்புத்தான்.

மெதுவோட்டத்தின் எல்லையைப் பார்த்துவிட்ட மனிதர் ஒருவர் உண்டு என்றால், அவர் கனடாவின் மில்டன் நகரில் இருந்த எட் விட்லாக். இங்கிலாந்தில் பிறந்து சுரங்கப் பொறியியலாளராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு அருகில் மரங்கள் அடர்ந்த ஒரு மயானம். கார்களின் தொல்லை கிடையாது. நரைத்த முடி தோளில் புரள, தேய்ந்த பழைய ஜோடுகளுடன், அந்தக் கல்லறைகளுக்கு நடுவில் உள்ள சிறு பாதையையே திரும்பத் திரும்ப, ஒரு மணி, இரண்டு மணி, சில காலங்களில் தினந்தோறும் மூன்று மணி நேரம், தரையை விட்டுக் கால் எழும்பாத சிற்றடி வைத்து ஓடுவார். பயிற்சியாளர் இல்லை, வேகம் வேண்டியபோது போய்ப் பந்தயங்களில் ஓடிக்கொள்வார். 2004-இல், 73-வது வயதில், டொரோன்டோவில் மாரத்தானை 2 மணி 54 நிமிஷம் 48 வினாடியில் ஓடினார். 2016-இல், 85-வது வயதில், 3 மணி 56 நிமிஷம் 34 வினாடியில் ஓடினார். மறு வருஷம் மார்ச்சில் காலமானார். மயானத்தில் அவர் சுற்றுகளை எண்ணிக்கொள்வதில்லை. கடிகாரத்தில் மூன்று மணி ஆனதும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.